பளபளன்னு ஆக்கறேன்னு பாழாக்காதீங்க சாமிகளா

போன மாசம் ஒரு பழைய கார் கண்காட்சிக்கு எங்க பெரியப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஓட்டிக்கிட்டுப் போயிருந்தேன். 1966 மாடல், ரெண்டு கதவு, வெளிர் நீலம். நிறுத்திட்டு இறங்கி அஞ்சு நிமிஷம் ஆகல, முதல் ஆள் வந்துட்டார். "நல்ல வண்டி சார். எப்ப பெயிண்ட் அடிக்கப் போறீங்க?" அப்புறம் சாயங்காலம் வரைக்கும் எண்ணிக்கிட்டே இருந்தேன். மொத்தம் பதினேழு பேர். பதினேழு பேருக்கும் இதே கேள்விதான். ஒரே ஒருத்தர் மட்டும் எஞ்சினைப் பத்திக் கேட்டார். அது ஓடுமான்னு கேட்டார். ஓட்டிக்கிட்டு வந்தவன்கிட்டயே! :-)

எனக்குப் பக்கத்துல ஒரு அம்பாசடர் நின்னுச்சு. அதுல முகம் பார்த்துத் தலை சீவலாம், மீசை கூட ஒதுக்கலாம். முந்தின வாரம்தான் மொத்தத்தையும் தகரம் வரைக்கும் உரிச்சு, பட்டி பார்த்து, புதுசா அடிச்சு, மேல செராமிக் கோட்டிங் போட்டு எடுத்தாராம் ஓனர். பரிசும் அதுக்குத்தான். நான் எழுதப் போறது வயித்தெரிச்சல்னு நினைச்சீங்கன்னா, அதுல கால்வாசி உண்மைதான். மீதி முக்காலைக் கேளுங்க.

ஒரு பழைய வண்டியில எது போனாலும் திரும்பக் கிடைக்கும். ஹெட்லைட் கண்ணாடி போச்சா, எங்கயாவது ஒரு பழைய இரும்புக்கடையில புதைஞ்சு கிடக்கும். பிஸ்டன் கடைஞ்சுக்கலாம். சீட்டுக்கு ரெக்சின் தைச்சுக்கலாம். பம்பருக்குக் குரோமியம் ஏத்திக்கலாம். தொழிற்சாலையில அடிச்ச பெயிண்ட் மட்டும் ஒரே தடவைதான். இந்த ஹெரால்டு நம்ம மெட்ராஸ்ல பொறந்த வண்டி. 1961-லேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இங்கயே செஞ்சுது. அந்தக் கம்பெனி கார் செய்யறதை நிறுத்தியே 1988 ஆச்சு. பெருங்களத்தூர் பக்கம் இருந்த தொழிற்சாலையும் இன்னிக்கு இல்ல. அங்க பெயிண்ட் கன்னைப் பிடிச்சு நின்ன மனுஷர் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவர் கையசைவு எங்க வண்டி பானெட்டுக்கு உள்பக்கம் இன்னும் இருக்கு. ஒரு மூலையில கொஞ்சம் அவசரப்பட்டிருக்கார், பெயிண்ட் வழிஞ்சு ஒரு கண்ணீர்த்துளி மாதிரி உறைஞ்சு நிக்குது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கிட்டப் பேசணும் போல இருக்கும். இதை எந்த ஒர்க்‌ஷாப்பால திரும்பச் செஞ்சு தர முடியும்? "அந்தக் குறையெல்லாம் நாங்க சரி பண்ணிடுவோம் சார்"ம்பாங்க. அதைத்தான் நானும் சொல்ல வர்றேன்.

கொஞ்சம் டெக்னிக்கலாப் போயிட்டு வந்துடுவோம். கொட்டாவி விடாதீங்க, இதுல ஆணி ஒண்ணும் புடுங்க வேண்டியதில்ல.

இப்ப வர்ற கார்கள்ல கலர் ஒரு அடுக்கு, அதுக்கு மேல நிறமே இல்லாத கிளியர் கோட் ஒரு அடுக்கு. வெயிலும் கீறலும் முதல்ல அந்தக் கிளியர் மேலதான் விழும். அந்தக் காலத்து சாதா பெயிண்ட்டுல அந்தக் கவசம் கிடையாது. நிறம், பளபளப்பு எல்லாமே ஒரே அடுக்குக்குள்ள. வெயில்ல இருக்கற புற ஊதாக்கதிர் பட்டுப் பட்டு, நிறத்தூளைக் கட்டிப் பிடிச்சு வச்சிருக்கற பிசின் மேல்மட்டத்துல செத்துப் போகும். பிடிப்பு இல்லாத தூள் மேல மிதக்கும். விரலை வச்சுத் தேய்ச்சா சாக்பீஸ் மாதிரி ஒட்டும். "பெயிண்ட் செத்துப் போச்சு"ன்னு நாம சொல்றது இதைத்தான். உண்மையில செத்தது மேல ஒரு மெல்லிசுப் படலம்தான். அடியில பெயிண்ட் உசிரோடதான் இருக்கு.

இங்கதான் வில்லன் என்ட்ரி. பாலிஷ் மெஷினும் ரப்பிங் கம்பவுண்டும். கம்பவுண்ட்ங்கறது குழைச்ச உப்புத்தாள், அவ்வளவுதான். செத்த படலத்தைச் சீவி எடுத்துட்டு அடியில இருக்கற புதுப் பெயிண்ட்டைக் காட்டும். உடனே வண்டி ஜொலிக்கும், ஓனர் வாயெல்லாம் பல்லாகிடும். சீவினது எங்க போச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. மெஷின்ல மாட்டியிருக்கற பஞ்சைப் பாருங்க, வண்டிக் கலர்லயே இருக்கும். மொத்தப் பெயிண்ட்டும், அடியில பிரைமர் உட்பட, ஒரு தலைமுடி கனம். மிஞ்சினா ரெண்டு முடி. அதுல எத்தனை தடவை சீவுவீங்க? கதவு மடிப்பு, மட்கார்டு விளிம்பு இங்கெல்லாம் பெயிண்ட் இன்னும் மெல்லிசு. மெஷின் அங்க ரெண்டு சுத்து கூடச் சுத்தினா பிரைமர் பல்லை இளிக்கும். அப்புறம் கடைக்காரர் வருத்தமா முகத்தை வச்சுக்கிட்டு, "பெயிண்ட் தாங்கல சார், ஃபுல்லா அடிச்சுட்டா நல்லது"ம்பார். வியாதியைக் குடுத்ததும் அவரே, ஆபரேஷன் செய்யறதும் அவரே.

அந்த நீலத் தூளை மூச்சுல இழுக்கற பசங்களைப் பத்தியும் யாரும் பேசறதில்ல. பழைய பெயிண்ட் பலதுலயும், முக்கியமா மஞ்சள், சிவப்பு வகையறாவுல, ஈயம் உண்டு. அதைக் காஞ்ச எமரியில தேய்க்கறவன் மூக்குல ஒரு கர்ச்சீப் கூட இல்லாம நிக்கறதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஏன்னா இந்தப் பாவத்தை நானே ஒரு தடவை பண்ணியிருக்கேன்.

அப்பாகிட்ட ஒரு ஃபியட் 1100 இருந்துச்சு. பாட்டில் பச்சை. 1999-ல என் முதல் போனஸ் பணம் வந்ததும், அப்பாவுக்கு சர்ப்ரைஸ் குடுக்கறதா நினைச்சு வண்டியைப் பெயிண்ட் கடையில விட்டேன். கெமிக்கல் ஊத்தித் தகரம் வரைக்கும் உரிச்சாங்க. டாஷ்போர்டும் தகரம்தானே, அதையும் விடல. சாவி போடற இடத்துக்குக் கீழ, அப்பாவோட சாவிக்கொத்து முப்பது வருஷமா ஆடி ஆடித் தேய்ச்சு ஒரு பிறை மாதிரி தடம் இருக்கும். சின்ன வயசுல மடியில உக்காந்து அதுலதான் விரலை வச்சு விளையாடுவேன். இருபது நாள்ல வண்டி வந்துச்சு. பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. அப்பா சுத்திச் சுத்தி வந்து பார்த்தார். "நல்லாருக்குடே"ன்னார். உள்ள உக்காந்து சாவியைப் போட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு, "யாரு வண்டி மாதிரியோ இருக்கு"ன்னார். கோவமாச் சொல்லல. அதுதான் இன்னும் குடையுது. ரெண்டு மழைக்காலம் தாண்டினதும் மட்கார்டுல குமிழ் விட்டுச்சுங்கறது தனிக்கதை. பட்டிக்கு அடியில துருவைச் சுரண்டாமலே மூடியிருந்திருக்காங்க.

அதனாலதான் பெரியப்பா ஹெரால்டு விஷயத்துல நான் இத்தனை முரண்டு பிடிக்கறேன்.

பெரியப்பா பாளையங்கோட்டையில தாசில்தார் ஆபீஸ்ல இருந்தவர். தினமும் காலையில ஆறு மணிக்கு மஞ்சத் துணியோட வண்டிக்கு முன்னால நிப்பார். காஞ்ச துணியில தூசியைத் தேய்க்கறது பெயிண்ட்டுக்கு நல்லதே இல்ல, ஒவ்வொரு மண்துகளும் ஒரு கீறல் போடும். ஆனா அதை நான் அவர்கிட்டச் சொல்லியிருந்தா, "ஏலே, நீ பொறக்கறதுக்கு முந்தி வாங்குன வண்டி இது"ன்னு துரத்தியிருப்பார். அவர் எப்பவும் வலது பக்கமே நின்னு துடைப்பார். பெயிண்ட் கனம் பார்க்கற மீட்டர் ஒண்ணை நண்பர்கிட்ட இரவல் வாங்கி வச்சுப் பார்த்தேன். பானெட்டோட வலது பாதி இடதை விட மெல்லிசு! அம்பது வருஷத்துக் காலை ஆறு மணி அத்தனையும் அந்த வித்தியாசத்துல இருக்கு. ஹெரால்டு பானெட் தெரியுமில்ல, மட்கார்டோட சேர்த்து மொத்த மூஞ்சியும் முன்பக்கமாச் சாயும். ரெண்டு பக்கமும் கொக்கியை எடுத்துட்டு அவர் கை வச்சுத் தூக்கற இடத்துல ரெண்டு உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் தேஞ்சு பிரைமர் தெரியும். அப்புறம் பானெட் நடுவுல, வெயில் சாய்வா விழும்போது மட்டும் தெரியற மாதிரி, மூணு வட்டம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெரியம்மா சந்தனம் வச்சுக் குங்குமம் வச்ச இடம். ஒரே இடத்துல, வருஷா வருஷம். அடிச்சு முடிச்ச புதுப் பெயிண்ட்டுல இதெல்லாம் எங்கருந்து வரும்?

பெரியப்பா 2018-ல போயிட்டார். அதுக்கப்புறம் வண்டி ஷெட்டுல கிடந்துச்சு. நான் கை வைக்கும்போது நீலம்னே சொல்ல முடியாது, சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு. நல்லவேளை, பாளையங்கோட்டைக் காத்துல உப்பு இல்ல, தகரம் பிழைச்சுக்கிச்சு. தூத்துக்குடியா இருந்திருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

செஞ்சது ரொம்ப எளிமை. முதல்ல துடைக்கவே இல்ல, தண்ணியைப் பீய்ச்சித் தூசியை ஓட விட்டேன். அப்புறம் கார் ஷாம்பூ, ரெண்டு வாளி. ஒண்ணு நுரைக்கு, ஒண்ணு துணியை அலச. அதுக்கப்புறம் எண்ணெய்ப் பசை நிறைய இருக்கற கிளேஸ். மெகுவயர்ஸ் கம்பெனியோட ஏழாம் நம்பர் கிளேஸை இந்த வேலைக்குன்னே பழைய கார் ஆசாமிகள் கொண்டாடுவாங்க. 1901-ல மரச்சாமான் பாலிஷ் செய்ய ஆரம்பிச்ச கம்பெனி அது, எண்ணெயோட அருமை தெரியாமலா இருக்கும்? டர்க்கி டவல் துண்டுல தாராளமா எடுத்து, யாருக்கும் தெரியாத ஒரு மூலையில முதல்ல பரிசோதிச்சுட்டு, பிறகு ஒவ்வொரு பாகமாக் கையாலயே தேய்ச்சு, ராத்திரி பூரா ஊற விட்டேன். காஞ்சு கிடந்த பெயிண்ட் எண்ணெயைக் குடிச்சுது பாருங்க, பாலைவனத்துல தண்ணி ஊத்தின மாதிரி. மறுநாள் துடைச்சுட்டுத் திரும்ப அதே. மூணு ராத்திரி. துணியில கொஞ்சம் நீலம் வரத்தான் செஞ்சுது, அது அந்தப் பிடிப்பில்லாத மேல்தூள். கடைசியா ரொம்ப மிருதுவான பாலிஷ் ஒரே ஒரு சுத்து, மேல கார்னோபா மெழுகு.

நாலாம் நாள் காலையில அந்த நீலம் திரும்பி வந்துச்சு. கண்ணாடி மாதிரி இல்ல. ஆத்துத் தண்ணி மாதிரி ஒரு ஆழம். பெரியம்மா திண்ணையில உக்காந்து பார்த்துட்டு, "ஏய்யா, இது அவுக கலர்லா"ன்னாங்க.

இது நிரந்தரம் இல்லங்கறதையும் ஒத்துக்கறேன். எண்ணெய் காயும், சில மாசத்துல திரும்பப் பூசணும். செத்த பிசின் உசிர் பெத்து எழாது. செராமிக் போட்டா வருஷக்கணக்குல நிக்கும்னு விளம்பரம் பண்றவங்க ஒண்ணை மட்டும் விட்டுடறாங்க. கோட்டிங் ஒட்டணும்னா அடியில மெஷின் போட்டு நல்லாச் சீவி, எண்ணெய்ப் பசையைச் சுத்தமாத் துடைச்சு எடுத்தாகணும். காஞ்சு கிடக்கற அறுபது வருஷத்துப் பெயிண்ட்டுக்கு அது வைத்தியமா, தண்டனையா? அதே மாதிரி சீமெண்ணெயும் டீசலும் தொட்டுத் துடைக்கற நம்ம டிரைவர் வைத்தியமும் வேண்டாம். ஒரு மணி நேரம் மினுக்கும், அப்புறம் தெருத் தூசி பூரா வந்து ஒட்டிக்கும்.

"இதெல்லாம் உன் சென்டிமென்ட்டு"ன்னு ஒரு நண்பர் சொன்னார். சரி, நம்ம ஆளுங்களுக்கு வெள்ளைக்காரன் சொன்னாத்தான் ஏறும். அமெரிக்காவுல பெபிள் பீச்சுன்னு ஒரு இடம், 1950-லேர்ந்து கார் அழகுப் போட்டி நடக்குது. பளபளப்புக்குக் கோயில் கட்டினதே அவங்கதான். அங்க 2024-ல மொத்தப் போட்டியிலயும் முதல் பரிசு வாங்கினது எது தெரியுமா? 1934-ல செஞ்ச ஒரு புகாட்டி டைப் 59. பெல்ஜியம் ராஜா மூணாம் லியோபோல்டு வச்சிருந்தது. கருப்புப் பெயிண்ட் உரிஞ்சு, வெடிச்சு, தேஞ்சு போய், அப்படியே வந்து நின்னுச்சு. புதுப்பிக்காம பாதுகாத்த வண்டி ஒண்ணு அங்க முதல் பரிசு வாங்கினது அதுதான் முதல் தடவை. ஃபிலடெல்ஃபியாவுல டாக்டர் ஃபிரெட் சிமியோன்னு ஒரு நரம்பியல் சர்ஜன், 2022-ல காலமானார். சேர்த்த பந்தயக் கார்களையெல்லாம் வச்சு ஒரு மியூசியமே நடத்தினார். முடிஞ்ச வரைக்கும் எதையும் புதுசாக்காதேங்கறதுதான் அவர் கட்சி. அங்க இருக்கற கோப்ரா டேடோனா காருக்குத்தான் 2014-ல அமெரிக்காவோட தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டுல முதல் இடம் குடுத்தாங்க. பழைய கார்ச் சங்கங்களோட உலக அமைப்பான ஃபீவாவும் டுரின் சாசனம்னு ஒண்ணு போட்டு, முதல்ல பாதுகாப்பு, அதுக்கப்புறம்தான் மத்ததுன்னு சொல்லிடுச்சு. பழைய கட்டடங்களுக்காக 1964-ல போட்ட வெனிஸ் சாசனத்துலேர்ந்து எடுத்துக்கிட்ட யோசனை அது.

கட்டடம்னதும் நம்ம கதை ஞாபகம் வருது. கும்பாபிஷேகம்னு சொல்லி, கல்தூண்ல மணலைப் பீய்ச்சிச் 'சுத்தம்' பண்ணி, கல்வெட்டு எழுத்தை மழுங்கடிச்ச ஊர் நம்ம ஊர். அதைத் திட்டிப் பதிவு போடறவங்களே வீட்டுக்கு வந்ததும் தாத்தா காரை மெஷினுக்கு அனுப்பறாங்க. அங்கயாவது, தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்குன்னு எஸ்.கே.கோவிந்தசாமி 1931-ல கண்டுபிடிச்சார். நாயக்கர் காலத்து ஆளு பழசை முழுசாச் சுரண்டாம மேல பூசினதால பிழைச்சுது. நம்ம பெயிண்ட் கடைக்காரர் சுரண்டாம விடுவாரா?

சர்க்காரும் உதவிக்கு வராது. 2021 ஜூலையில மத்திய அரசு, அம்பது வயசு தாண்டின வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவுன்னு ஒரு விதி கொண்டு வந்துச்சு. நம்பர் பிளேட்டுல வி.ஏ. எழுத்தோட. வண்டி அசல் வடிவத்துல இருக்கணும்னு நிபந்தனை. அசல்னா என்னன்னு பார்த்தா சேஸி, பாடி ஷெல், எஞ்சின் பேரைத்தான் சொல்றாங்க. பெயிண்ட் அந்தப் பட்டியல்லயே இல்ல.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, இல்லேங்கல. துரு தகரத்தைத் தின்னுக்கிட்டு இருந்தா, அந்த இடத்தை வெட்டி எடுத்து அடிச்சுத்தான் ஆகணும். நானே இடது கதவுக்குக் கீழ ஒரு சாண் அகலத்துக்கு அடிச்சிருக்கேன், பக்கத்துல போய்ப் பார்த்தா நிறம் பொருந்தலன்னு தெரியும், தெரிஞ்சா தெரியட்டும். ஏற்கனவே நாலு தடவை அடிச்ச வண்டியா, அஞ்சாவது தடவையும் அடிச்சுக்கங்க, உங்க காசு. ஆனா இன்னொரு கோஷ்டி இப்பக் கிளம்பியிருக்கு. நல்ல வண்டியில வேணும்னே உப்புத் தண்ணி தெளிச்சுத் துருவை வரவழைச்சு, மேல கிளியர் அடிச்சு "பழமை"ன்னு காட்டற கூட்டம். அவங்களோட என்னைச் சேர்த்துடாதீங்க. பெயிண்ட் கடைப் பசங்க மேலயும் எனக்குக் கோவம் இல்ல. நாம கேக்கறதைத்தான் அவங்க செஞ்சு தர்றாங்க. "கண்ணாடி மாதிரி வேணும்"னு கேக்கறது நாமதானே? அந்தக் காலத்துல தொழிற்சாலையை விட்டு வெளிய வரும்போதே இந்த வண்டிகள்ல ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு இருந்துச்சு. பொறந்தப்பவே இல்லாத பளபளப்பை இப்ப எதுக்குப் பூசணும்? அதுக்குப் பரிசு வேற!

இப்ப நிலவரம் என்னன்னா, பெரியப்பா மகன், எங்க பெரியண்ணன், தை மாசம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கார். பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் தாத்தா கார்லதான்னு பொண்ணு சொல்லிடுச்சு. அண்ணன் நேத்து ராத்திரி போன் போட்டார். "ஏலே, நாலு பேரு வர்ற இடம். மண்டபத்து வாசல்ல தேஞ்சு போன வண்டி நிக்கலாமா? பெயிண்டர்கிட்ட அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"அண்ணே, ஒரு பத்து நாள் எனக்குக் குடுங்க. கையால தேய்ச்சுத் தர்றேன். பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க"ன்னேன்.

"தேய்ச்சா அந்த ரெண்டு கைத்தடம் போவுமா?"

போகாதுன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பிறகு, "அம்மைகிட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன்"னு வச்சுட்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு. தங்கமணி எரிச்சல்ல இருக்காங்க. கிளேஸ் ரெண்டு பாட்டில், பழைய டர்க்கி டவல் ஏழு, பையில எடுத்து வச்சுட்டேன்.